சோபாவுக்குப் பின்னாடி ஒரு ரூம்

எங்க வீட்டு ஹால்ல எப்பவும் நாலஞ்சு சோபா கிடக்கும். ஆனா வர்றவங்க நின்னுக்கிட்டேதான் பேசணும். ஒண்ணுல ஸ்பிரிங் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், ஒண்ணுக்குத் துணி இருக்காது, ஒண்ணுக்குக் காலே இருக்காது. எல்லாம் அடுத்தவங்க வீட்டுச் சோபா. கிழிஞ்சதைத் தைச்சு, அமுங்கினதை நிமித்தி, புதுத் துணி போட்டுத் திருப்பிக் குடுக்கறது என் தொழில். தெருவுல என்னை 'சோபாக்காரி'ம்பாங்க. சொல்லட்டுமே. நான் அடிச்ச ஆணி அசையாது, நான் போட்ட தையல் பிரியாது. பெருமைக்குச் சொல்லல, உள்ளதைச் சொல்றேன்.

அதனாலதான் சினிமா தியேட்டர் வேலை என்னைத் தேடி வந்துச்சு. பழைய தியேட்டர். உள்ள இருக்கற சீட்டு அத்தனையும் பிரிச்சு, புதுசா ஸ்பாஞ்சும் துணியும் போட்டுக் குடுக்கணும். மேனேஜர் வீட்டுக்கே வந்தார். நான் முடிச்சு வச்சிருந்த சோபாவைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், தையலை நகத்தால இழுத்தும் பார்த்துட்டார். திருப்திதான். அப்புறம் ஹாலை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு. ஆனா இங்க என் சீட்டு ஒரு வரிசையைக் கூட இறக்க முடியாதேம்மா?"

"இங்க யார் சார் இறக்கச் சொன்னா? பின்னாடி ஷெட் போடப் போறேன்," அப்படின்னேன். அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே அந்த விஷயம் தெரியாது. வாய் முந்திக்கிச்சு.

"அப்ப ஷெட் எழும்பினதும் சொல்லுங்க. வெள்ளையடிக்கறதுக்குத் தியேட்டரை மூடப் போறோம், அதுக்குள்ள ஆகணும். இல்லேன்னா சீட்டு செய்யற ஃபேக்டரிக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் போனதும் நான் பின்பக்கம் போய் நின்னேன். பக்கத்துச் சுவரை ஒட்டினாப்புல நல்ல காலி இடம், துணிக்கொடியும் ரெண்டு உடைஞ்ச பூந்தொட்டியும்தான் இருந்துச்சு. எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. இத்தனை வருஷமா நான் சாப்பாட்டு மேஜைக்கும் டிவிக்கும் நடுவுல முட்டி போட்டு வேலை செஞ்சவ. குழம்பு கொதிக்குதான்னு ஒரு கண்ணு, பசை காயுதான்னு ஒரு கண்ணு. கதவைத் திறந்தா என் வேலை, மூடிட்டு வந்தா என் வீடுன்னு இருக்கணும். தியேட்டர் கைவிட்டுப் போச்சுன்னா அப்புறம் காலம் பூரா நான் ஊரார் வீட்டு ஒத்தைச் சோபாவைத்தான் கட்டிக்கிட்டு அழணும். எனக்கு அந்த ஷெட் வேணும்னா வேணும்.

ஒரே ஒரு தடங்கல். அது என் மாமனார்.

மாமா கட்டட அனுமதி ஆபீஸ்ல இன்ஸ்பெக்டரா இருந்தவர். அவர் ரிட்டயர் ஆயிட்டார், அவர் டேப்பு இன்னும் ஆகல. சட்டைப் பையில பேனா இருக்கோ இல்லையோ, அளக்கற டேப்பு இருக்கும். தெருவுல அவருக்குப் பேரே 'டேப்பு'தான். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா டீ வர்றதுக்குள்ள மாடிப்படியோட உயரத்தை அளந்து, "இது தப்பு"ம்பார். அப்புறம் எங்க இருந்து டீ வரும்? வேலையில இருந்தப்ப அண்ணன் தம்பின்னு பார்த்ததில்ல. எங்க பின்வீட்டுக்காரர் பேண்டு செட்டுல டிரம்பெட் வாசிச்சவர். சாதகம் பண்றதுக்குன்னு வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட் கட்டியிருந்தாராம். அது எங்க பின்சுவரை ரொம்ப ஒட்டி இருக்குன்னு அதையும் இடிக்க வச்சுட்டார் மாமா. நான் மருமகளா வர்றதுக்கு முன்னாடி நடந்த கதை. ரெண்டு வீட்டுக்கும் இன்னிக்கு வரைக்கும் பேச்சு இல்ல.

சரி, கேக்கறதைக் கேட்டுடுவோம்னு போனேன்.

"மாமா, பின்னாடி சின்னதா ஒரு ஷெட் போடலாம்னு இருக்கேன்."

மாமா பேப்பரைக் கீழ இறக்கல. "அனுமதி இல்லாம ஒரு செங்கல் வைக்கக் கூடாது."

"சின்னதுக்கெல்லாம் அனுமதி வேண்டாங்கறாங்களே?"

"எவன் சொன்னது? சின்னதோ பெருசோ, அந்த மனையில ஏற்கெனவே என்னென்ன கட்டியிருக்குன்னு நேர்ல வந்து பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"அப்ப நாளைக்கே ஆபீஸ் போய் அனுமதி கேட்டுடறேன்."

இப்ப பேப்பர் கீழ வந்துச்சு. "கேக்க வேண்டாம்."

"கேக்காமலே கட்டிடவா?"

"கட்டக் கூடாது."

"என்ன மாமா இது? கேக்காம கட்டாதேங்கறீங்க, போய்க் கேக்காதேங்கறீங்க. நான் என்னதான் செய்யறது?"

"சும்மா இரு," அப்படின்னு சொல்லிட்டு மறுபடி பேப்பருக்குள்ள போயிட்டார்.

சும்மா இருக்கறதுக்கா என்னைப் பெத்தாங்க? நேரா அத்தைகிட்ட போனேன். அத்தை எப்பவும் போல அவங்க கண்ணாடி ரூம்ல இருந்தாங்க. சமையலறைக்குப் பின்னாடி, மூணு பக்கமும் கண்ணாடி ஜன்னல் வச்ச குட்டி ரூம் அது. காலை வெயில் மிச்சமில்லாம உள்ள வந்து விழும். அத்தை அங்கதான் தலை காய வைப்பாங்க, காய் நறுக்குவாங்க, பேப்பர்ல குறுக்கெழுத்து போடுவாங்க. என்னைத் திட்டணும்னாலும் கூப்பிட்டு அங்க உக்கார வச்சுத்தான் திட்டுவாங்க. பின்சுவரைப் பார்த்த ஜன்னலை மட்டும் திறந்து நான் பார்த்ததே இல்ல. கேட்டா பெயிண்ட் ஒட்டிக்கிச்சும்பாங்க.

"அத்தை, உங்க வீட்டுக்காரர் பேசறதைக் கேட்டீங்களா? நீங்களாவது நாலு வார்த்தை சொல்லுங்க."

எனக்கும் மாமாவுக்கும் சண்டைன்னா அத்தை எப்பவும் என் கட்சி. அன்னிக்குத் தலையை நிமித்தல. "வேற எங்கயாவது வாடகைக்கு இடம் பாரேன்டி," அப்படின்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சரிதான், ரெண்டு பேரும் கூடிப் பேசி வச்சிருக்காங்கன்னு கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு.

மறுநாள் யார்கிட்டயும் சொல்லாம ஆபீஸுக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னாடி ஒரு ஆபீசரம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு நான் வரைஞ்சு கொண்டுபோன படத்தைப் பார்த்தாங்க. முகவரியைப் படிச்சதும் எழுந்தே நின்னுட்டாங்க.

"நீங்க சாரோட மருமகளா?"

"ஆமா. ஏன், உங்க வீட்டுப் படியையும் அளந்தாரா?"

அந்தம்மா சிரிச்சுட்டாங்க. "நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அவர்தான் எனக்கு மேல. மழையில நனைஞ்சுக்கிட்டே சுவர் அளக்க வச்சவர். ஆனா ஒண்ணு சொல்றேன், இந்த ஆபீஸ்ல இத்தனை பேர் இருந்தோம், ஒருத்தரையும் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டதில்ல. அவர் ரிட்டயர் ஆன அன்னிக்கு விருந்து கூட ஓட்டல்லதான். இடத்தைப் பார்க்க நானே வர்றேன். சார் வீட்டைப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

வெற்றியோட வீட்டுக்கு வந்தேன். சாப்பிட உக்காந்திருந்தாங்க, மாமா, அத்தை, என் வீட்டுக்காரர். "வியாழக்கிழமை ஆபீஸ்லேருந்து இடம் பார்க்க வர்றாங்க," அப்படின்னேன்.

மாமா கையில எடுத்த சோறு தட்டுக்கே திரும்பிப் போச்சு. அத்தை எழுந்து, கண்ணாடி ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. உள்ள தாழ்ப்பாள் விழற சத்தம் கேட்டுச்சு.

"என்ன நடக்குது இந்த வீட்டுல?" அப்படின்னேன்.

மாமா தண்ணியைக் குடிச்சார். அவர் தயங்கிப் பேசி அன்னிக்குத்தான் பார்த்தேன். "அந்த ரூம்..." அப்படின்னு ஆரம்பிச்சார். "அந்த ரூமுக்கு அனுமதி கிடையாது."

அப்புறம் எல்லாத்தையும் சொன்னார். அத்தைக்கு முதுகுத்தண்டுல ஆபரேஷன் நடந்த வருஷம். எழுந்து நடக்க முடியாது, இருட்டு ரூம்ல மாசக்கணக்கா படுக்கை. வெயில் பட்டாத் தேவலைன்னு டாக்டர் சொன்னாராம். வாசல் பக்கம் வெயிலே வராது. பின்பக்கம்தான் வரும். ஆனா சட்டப்படி பின்சுவர்லேருந்து விட வேண்டிய காலி இடம் அங்க இல்ல. யாராவது கேட்டிருந்தா மாமாவே முடியாதுன்னு எழுதியிருப்பார். அதனால யார்கிட்டயும் கேக்காம, ஞாயித்துக்கிழமைகள்ல தன் கையாலயே செங்கல் அடுக்கி, கண்ணாடி வச்சுக் கட்டிட்டார். ஆபீஸ் ஆள் ஒருத்தரையும் வீட்டுப் பக்கம் அண்ட விடாததுக்கு இதுதான் காரணம்.

"அப்ப அந்த டிரம்பெட்காரர் ஷெட்டு?"

"அதுக்கும் இதே சட்டம்தான். இதே சுவர். அந்தப் பக்கம்."

"அதை எப்ப இடிக்க வச்சீங்க?"

மாமா தட்டைப் பார்த்தார். "அதே வருஷம்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்ல. உபதேசமெல்லாம் ஊருக்குத்தானாடா சாமி! "இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் ஆபீஸுக்குப் போயிருப்பேன்? கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையா இல்ல ஆயிடுச்சு!" அப்படின்னு கத்தினேன்.

மூடின கதவுக்குப் பின்னாடியிருந்து அத்தை குரல் வந்துச்சு. "இவர் ஆயுசுல எனக்காகச் செஞ்ச ஒரே தப்பு இது. இதை இடிக்கறதுன்னா என்னையும் சேர்த்து இடிங்க. நான் வெளிய வர மாட்டேன்."

என் வீட்டுக்காரர் அதுவரைக்கும் ரசத்தை உறிஞ்சிக்கிட்டு இருந்தார். மெதுவா, "நம்மகிட்டதான் இவ்வளவு சோபா இருக்கே," அப்படின்னார். "அதை அடுக்கி அந்த ரூமை மறைச்சுட்டா என்ன?"

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற யோசனை. நியாயமா நான் அவரைத் திட்டியிருக்கணும். ஆனா என் ஷெட்டு என் கண்ணு முன்னாடி நின்னுச்சு. "பண்ணலாம்," அப்படின்னேன்.

வியாழக்கிழமை காலையில ஹால்ல இருந்த சோபா அத்தனையும் பின்பக்கம் போச்சு. ஒண்ணு மேல ஒண்ணா, குட்டிக்கரணம் போட்டாப்புல கவுத்து அடுக்கி, மேல தார்ப்பாயைப் போட்டு, கண்ணாடி ரூமோட மூணு பக்கத்தையும் மூடிட்டோம். அத்தை மட்டும் உள்ளேருந்து வர மாட்டேன்னுட்டாங்க. காவல் இருக்காங்களாம். மாமா எதுலயும் கை வைக்கல. வேண்டாம்னும் சொல்லல. சமையலறை வாசல்ல நின்னு டேப்பை இழுக்கறதும் விடறதுமா இருந்தார்.

ஆபீசரம்மா வந்தாங்க. ஹாலைப் பார்த்து, "அடடா, எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!" அப்படின்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். பின்பக்கம் போனதும் ஷெட் வர்ற இடத்தைப் பார்த்தாங்க, நான் ஒரு முனையைப் பிடிக்க அவங்க அளந்தாங்க. பக்கத்துச் சுவர்லேருந்து தூரம் சரி, பின்சுவர்லேருந்து தூரம் சரி. "வேலை செய்யற இடம், ஸ்பாஞ்சும் பசையும் இருக்கும், அதனால கதவு வெளிப்பக்கமா திறக்கணும். தீயணைக்கற சிலிண்டர் ஒண்ணு மாட்டணும்," அப்படின்னாங்க. சரி சரின்னு தலையை ஆட்டினேன். ஆச்சு, முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

அப்ப சோபா தும்முச்சு.

ஸ்பாஞ்சுத் தூசி அத்தைக்கு ஆகாது. எனக்கு அது ஞாபகமே வரல. ஒரு தும்மல், அப்புறம் இன்னொரு தும்மல். ஆபீசரம்மா சோபாக் குவியலைப் பார்த்தாங்க. அப்புறம் கண்ணை மேல தூக்கினாங்க. நானும் பார்த்தேன். சோபாவுக்கு மேல, வெயில்ல பளபளன்னு, ரூமோட கூரை அப்படியே தெரிஞ்சுது. சுவரை மறைச்ச புத்திசாலிங்க கூரையை மறந்துட்டோம். அதுவும் பில்டிங் இன்ஸ்பெக்டர் வீட்டுல!

அந்தம்மாவுக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. மாமாவைப் பார்த்தாங்க, பார்வையைத் திருப்பிக்கிட்டாங்க. "நான் ஷெட் போடற இடத்தைப் பார்க்கத்தான் வந்தேன், சார். அதைப் பார்த்துட்டேன். வேற எதையும் நான் பார்க்கல."

எனக்குப் போன உசிர் திரும்பி வந்துச்சு. மகராசி, நல்லா இரும்மான்னு மனசுக்குள்ள வாழ்த்தினேன்.

"பார்த்ததை எழுதும்மா," அப்படின்னார் மாமா.

"சார்..."

"எழுது. இதே மாதிரி ஒண்ணை நான் ஒருத்தர் வீட்டுக்குப் பின்னாடி பார்த்தேன். பார்க்கலைன்னு சொல்லல. எனக்கு மட்டும் ஏன் சொல்றே?"

"மாமா!" அப்படின்னு நான் போட்ட கத்தல்ல அத்தை தும்மறதையே நிறுத்திட்டாங்க. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் பண்றதுக்குன்னே ஒரு மனுஷன். அந்த நேரத்துல அவரை நான் வெறுத்தேன், ஒளிக்காம சொல்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்ல. தானே போய் ஒரு சோபாவை இழுத்து நகத்தினார். கண்ணாடிக்குப் பின்னாடி அத்தை, மூக்கைத் துடைச்சுக்கிட்டு நின்னாங்க.

ஆபீசரம்மா எழுதினாங்க. எழுதி முடிச்சுட்டு எங்களுக்குப் புரியற மாதிரி சொன்னாங்க. இந்த ரூம் விஷயம் தீராம இந்த மனையில வேற எதுக்கும் அனுமதி கிடையாது. ஷெட்டுக்கும் சேர்த்துத்தான். தீர்றதுக்கு ரெண்டே வழி. ஒண்ணு இடிக்கணும். இல்லேன்னா, இப்ப வந்திருக்கற புது விதிப்படி, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சம்மதம் குடுக்கணும். "அந்தப் பக்கம் யார் இருக்காங்க?" அப்படின்னு கேட்டாங்க.

நான் மாமாவைப் பார்த்தேன், மாமா பின்சுவரைப் பார்த்தார்.

தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? அன்னிக்குச் சாயங்காலமே மாமாவைக் கிளப்பினேன். "நான் பேசறேன், நீங்க கூட நின்னாப் போதும்," அப்படின்னேன். தெருவைச் சுத்திக்கிட்டுப் போனோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கற வீடு, அதுக்கு இவ்வளவு தூரம் நடக்கணும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

டிரம்பெட்காரர்தான் கதவைத் திறந்தார். உருண்டையான ஆளு, வெள்ளை மீசை. மாமாவைப் பார்த்ததும் மீசை ஒரு தடவை துடிச்சுது. உள்ள விட்டார், உக்காரச் சொல்லல. எங்க வீட்டுல உக்கார வைக்க நாற்காலி இருக்காது. அவர் வீட்டுல நல்ல நாற்காலி நாலு இருந்துச்சு, ஒண்ணையும் காட்டல.

நான் ஆரம்பிச்சேன். ஷெட்டு, தியேட்டர் சீட்டு, கண்ணாடி ரூம், சம்மதம் எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மேல வாங்க."

மாடி ஜன்னலுக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கேருந்து பார்த்தா எங்க பின்பக்கம் முழுசும் தெரிஞ்சுது. கவுந்து கிடக்கற சோபா, துணிக்கொடி, நடுவுல கண்ணாடி ரூம். உள்ள அத்தை குறுக்கெழுத்து போட்டுக்கிட்டு இருந்தது கூடத் தெரிஞ்சுது.

"இங்க நின்னுதான் இன்ஸ்பெக்டர், நீங்க அதைக் கட்டினதை நான் பார்த்தேன்," அப்படின்னார். "என் ஷெட்டை இடிச்ச மண்ணைக் கூட அப்ப நான் இன்னும் அள்ளல. நீங்க செங்கல் அடுக்கறீங்க. பல்லைக் கடிச்சேன். புகார் எழுதி எடுத்துக்கிட்டு உங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன்."

"குடுத்திருக்கலாமே?" மாமா குரல் எழும்பவே இல்ல.

"குடுத்திருப்பேன். கிளம்பறதுக்கு முன்னாடி இங்க வந்து பார்த்துத் தொலைச்சேன். நீங்க அந்தம்மாவைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து உள்ள உக்கார வச்சீங்க. அவங்க முகத்தை வெயிலுக்குத் தூக்கிக் காட்டிக்கிட்டு அப்படியே இருந்தாங்க. அது கண்ணை விட்டுப் போகல. ஆபீஸ் வாசல்லேருந்து திரும்பிட்டேன். உங்களுக்காக இல்ல, அவங்களுக்காக."

மாமா ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார், "நான் உங்களுக்குச் செஞ்சது சட்டப்படி சரி. அதே கையால அதைக் கட்டினது தப்பு. என்னை மன்னிச்சிருங்க."

மாமா யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்ல. நான் உருகிட்டேன். டிரம்பெட்காரர் உருகல.

"மன்னிப்பை வச்சு நான் என்ன பண்றது? அதுக்குள்ள உக்காந்து டிரம்பெட் வாசிக்க முடியுமா? வீட்டுக்குள்ள ஊதினா அக்கம்பக்கம் சண்டைக்கு வருதுன்னு எடுத்துக் கட்டிலுக்கு அடியில போட்டவன் நான். என் ஷெட்டு எனக்கு வேணும். இந்தப் பொண்ணு சொல்றதைப் பார்த்தா, சுவரை ஒட்டிக் கட்டறதுக்கு அந்தப் பக்கத்துக்காரர் சம்மதிச்சாப் போதுமாமே. எனக்கு அந்தப் பக்கம் நீங்கதானே? நீங்க எனக்குக் குடுங்க, நான் உங்களுக்குக் குடுக்கறேன்."

எவ்வளவு சரியான பேரம்! நான் மாமா முகத்தைப் பார்த்தேன். ஏதாவது ஒரு சட்டத்தைச் சொல்லி இதையும் கெடுத்துடாதீங்க மாமான்னு மனசுக்குள்ள கும்பிட்டேன். அவர் கை சட்டைப் பைக்குப் போச்சு. பேனா வருதுன்னு நினைச்சேன். டேப்பு வந்துச்சு.

"எந்த இடம், எவ்வளவு அகலம்னு அளந்துட்டுத்தான் சம்மதம் குடுப்பேன்," அப்படின்னார்.

டிரம்பெட்காரர் என்னைப் பார்த்தார். "இவரை வச்சு எப்படிம்மா குடும்பம் நடத்தறீங்க?"

"பழகிடும், ஐயா," அப்படின்னேன்.

மூணு பேரும் கீழ இறங்கி அவர் வீட்டுப் பின்பக்கம் போனோம். பழைய ஷெட்டோட தரை அங்க அப்படியே இருந்துச்சு, வெடிப்புல புல்லு முளைச்சிருந்துச்சு. மாமா டேப்பை இழுத்தார். அதோட கொக்கி முனையை டிரம்பெட்காரர் குனிஞ்சு பிடிச்சுக்கிட்டார். "சத்தம் வெளிய போகாம இருக்க சுவரை ரெட்டையா கட்டணும், நடுவுல பஞ்சு அடைக்கணும்," அப்படின்னு மாமா உத்தரவு போட்டுக்கிட்டே போனார். பஞ்சு என் கணக்குன்னு நான் சொல்லிட்டேன்.

அப்புறம் எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. ஆபீசரம்மா ரெண்டு சம்மதத்தையும் வாங்கிக்கிட்டு, ரூமுக்கும் ரெண்டு ஷெட்டுக்கும் சேர்த்து அனுமதி குடுத்தாங்க. மாமா மேஸ்திரி உசிரை வாங்கினார். ஒரு வரிசைச் செங்கல் கோணல்னு பிரிச்சு மறுபடி வைக்கச் சொன்னார். மேஸ்திரி என்கிட்ட வந்து அழாக்குறையா நின்னார். நான் டீ குடுத்து அனுப்பினேன். தியேட்டரை மூடறதுக்கு முன்னாடியே தகரக் கூரை ஏறிடுச்சு. மேனேஜர் வந்து, கதவை வெளிப்பக்கமா திறந்து மூடிப் பார்த்துட்டு, "சொன்னபடி செஞ்சுட்டீங்களே!" அப்படின்னார். "நான் சொன்னா செய்வேன் சார்," அப்படின்னேன். முதல் வரிசைச் சீட்டு லாரியில வந்து இறங்குச்சு. ஹால்ல வர்றவங்க உக்கார இப்ப இடம் இருக்கு. அது பழக்கமில்லாம இன்னும் நின்னுக்கிட்டேதான் பேசறாங்க, அது வேற கதை.

ஒரு சாயங்காலம் நான் ஷெட்டுல துணியை இழுத்துக் கட்டி ஆணி அடிச்சுக்கிட்டு இருந்தேன். மாமா என் ஷெட் வாசல்ல, முடிச்சு வச்ச ஒரு தியேட்டர் சீட்டுல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். அத்தை கண்ணாடி ரூம்ல பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க. அப்ப சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். முதல்ல லாரி ஹாரன்னு நினைச்சேன். அப்புறம் அது திக்கித் திணறி ஒரு பாட்டா மாறுச்சு. கட்டிலுக்கு அடியில கிடந்த டிரம்பெட்டு. ரெட்டைச் சுவரையும் என் பஞ்சையும் தாண்டி மெல்லிசாத்தான் வந்துச்சு.

அத்தை கையில இருந்த கத்தி நின்னு போச்சு.

"என்னங்க," அப்படின்னு கூப்பிட்டாங்க. மாமா எழுந்து போனார். கதவு திறந்திருந்ததால எனக்கும் எல்லாம் கேட்டுச்சு. "நான் படுக்கையில கிடந்தப்ப நீங்க ஆபீஸ் போயிடுவீங்க, பையன் ஸ்கூல் போயிடுவான். நாள் பூரா மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டுக் கிடப்பேன். இந்தச் சத்தம் ஒண்ணுதான் எனக்குத் துணை. இது கேக்க ஆரம்பிச்சா சாயங்காலம் வந்துடுச்சு, நீங்க வர்ற நேரமாச்சுன்னு அர்த்தம். அப்புறம் நீங்க இந்த ரூமைக் கட்டி என்னைக் கொண்டுவந்து வெயில்ல உக்கார வச்சீங்க. சத்தத்தைக் காணோம். ஏன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இந்த ரூமையும் இடிச்சிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

மாமா நேரா என் ஷெட்டுக்கு வந்தார். என் மேஜை மேல இருந்த உளியை எடுத்தார், என்னைக் கேக்கல. திரும்பிப் போய், பின்சுவரைப் பார்த்த அந்த ஜன்னலோட சட்டத்துல ஒட்டியிருந்த பழைய பெயிண்டைச் சுரண்ட ஆரம்பிச்சார்.

"மெதுவாங்க, கண்ணாடி உடைஞ்சிடப் போகுது," அப்படின்னாங்க அத்தை.

"எனக்குத் தெரியும்."

சுத்திவரச் சுரண்டி முடிச்சுட்டு, தோளை வச்சு ஒரு தள்ளு தள்ளினார். ஜன்னல் திறந்துச்சு. டிரம்பெட்டு இன்னும் சுதி சேரல. அத்தை பீன்ஸைத் தள்ளி வச்சுட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்தாங்க.